கடிதத்தின் அடியில் ஒரு பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது ஆண்டுகள் பணியாளர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அலுவலகத்தில் ஒரு காதல் என்றால், அந்தச் செய்தி எங்கள் மேசைக்கு வருமுன்பே கேண்டீனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதிலும் முதலாளியும் அவரிடம் வேலை பார்க்கும் பெண்ணும் என்றால், அங்கே புழங்குவது ஒரே வாக்கியம்: ‘வளைத்துப் போட்டுவிட்டாள்.’ இந்த வாக்கியத்தின் எழுவாய் எப்போதும் அவள்தான். பணமும் அதிகாரமும் யாரிடம் இருக்கிறதோ அவர் பாவம், செயப்படுபொருள்!

உலகமே பார்த்த அப்படியொரு காதலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மெலிண்டா பிரெஞ்ச், அமெரிக்காவின் டல்லஸ் நகரத்துப் பெண். உர்சுலைன் கன்னியர் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளியின் குறிக்கோள் லத்தீனில் ஒற்றைச் சொல்: ‘செர்வியாம்’, தொண்டு செய்வேன். டியூக் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலும் பொருளாதாரமும் படித்து, எம்.பி.ஏ.வும் முடித்து, 1987இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த ஆண்டு எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்து சேர்ந்தவர்களில் அவர் ஒருவரே பெண். முதலாளி பில் கேட்ஸுக்கு அப்போது வயது 31. நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவர் பெரும் கோடீஸ்வரராகியிருந்தார்.

நியூயார்க்கில் ஒரு வணிகக் கண்காட்சி விருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார நேர்ந்தது. சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை, அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில் பில் அவரிடம் கேட்டார்: இரண்டு வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை இரவு வெளியே போகலாமா? முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்வதெல்லாம் எனக்குச் சரிப்படாது, நாள் நெருங்கும்போது கூப்பிடுங்கள் என்றார் மெலிண்டா. அன்றைக்கே தொலைபேசி ஒலித்தது. இன்று இரவே என்றால் உங்களுக்குச் சரிப்படுமா என்று கேட்டார் முதலாளி.

கேட்பவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். என் கண்ணில் படுவது அந்த மறுப்பு. வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன பெண், முதலாளியின் அழைப்பைத் தட்டிவிட்டுத் தன் காரில் ஏறிப் போக முடிந்தது. என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த பெண்கள் பலருக்கு அது வாய்க்கவில்லை. மறுத்தால் இடமாற்றம், இசைந்தால் அவப்பெயர் என்ற இரண்டே வழிதான் அவர்களுக்கு. இப்போதெல்லாம் பெரிய நிறுவனங்கள் இந்த விஷயத்தில் கறாராக இருக்கின்றன. 2019 நவம்பரில் மெக்டொனால்ட்ஸ் தன் தலைமை நிர்வாகியை நீக்கியது, ஊழியர் ஒருவருடன் இருவர் சம்மதத்தோடும் வைத்திருந்த உறவுக்காகத்தான்.

சரி, கதைக்கு வருவோம். திருமணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று பில் தன் அறையிலிருந்த வெள்ளைப் பலகையில் சாதக பாதகங்களை எழுதி வைத்திருந்தாராம். கணக்குப் பிள்ளை ஏட்டில் வரவு செலவு எழுதுவதைப் போல! மெலிண்டா உள்ளே வந்தபோது அதைப் பார்த்துவிட்டார். 1994 ஜனவரி 1இல் ஹவாயின் லனாய் தீவில் திருமணம் நடந்தது. 1996இல், முதல் குழந்தை பிறக்கவிருந்த நேரத்தில், மெலிண்டா வேலையை விட்டார். 2000இல் இருவர் பெயரையும் தாங்கி அறக்கட்டளை உருவானது.

பெயர்ப் பலகையில் இருவரும் சமம்தான். கடிதத்தில்?

பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட் சொன்ன யோசனைப்படி, அறக்கட்டளையின் பணிகளைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஆண்டுதோறும் வெளியிடும் கடிதத்தை 2009 முதல் பில் எழுதி வந்தார். 2012 ஜூலையில் லண்டனில் குடும்பக் கட்டுப்பாட்டு மாநாட்டை முன்னின்று நடத்தியவர் மெலிண்டா. ஏழை நாடுகளில் 12 கோடிப் பெண்களுக்குக் கருத்தடைச் சாதனங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும், இதுதான் இலக்கு. கத்தோலிக்கப் பெண் இப்படிச் செய்யலாமா என்று வாடிகன் நாளேடு கண்டித்தது. அதைத் தாங்கிக்கொண்டவர், அடுத்த ஆண்டுக் கடிதத்தில் இதைப் பற்றி நானும் எழுதுகிறேன் என்று கணவரிடம் கேட்டார். இதுவரை நன்றாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்பது பில்லின் வாதம். வீட்டில் பெரும் சண்டை மூண்டதாக மெலிண்டாவே எழுதியிருக்கிறார். 2013இல் அவருக்குக் கிடைத்தது தனிக் கட்டுரை ஒன்று. 2014இல் கடிதத்துக்குள் ஒரு பகுதி. 2015இல்தான் கடிதத்தின் அடியில் இருவரும் கையெழுத்திட்டார்கள். அதற்குள் திருமணமாகி 21 ஆண்டுகள் ஓடிவிட்டன.

தாலி கட்டிய அன்றே முதலாளி, ஊழியர் என்ற கணக்கு தீர்ந்துவிடும் என்று நம் ஊர்களில் நினைக்கிறோம். கணவன் வேண்டுமென்றே அடக்கி வைக்க வேண்டியதுகூட இல்லை. நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவருக்கு, மற்றவர் நின்றுகொண்டிருப்பதே கண்ணில் படுவதில்லை.

2021இல் விவாகரத்து. சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் பில்லுக்கு வேறொரு ஊழியருடன் உறவு இருந்தது உண்மை, அது சுமுகமாக முடிந்துவிட்டது என்று பில்லின் தரப்பு அப்போது ஒப்புக்கொண்டது. 2024 ஜூனில் மெலிண்டா அறக்கட்டளையிலிருந்தும் விலகினார். பெண்களுக்கும் குடும்பங்களுக்குமான தன் சொந்தப் பணிகளுக்காக 1,250 கோடி டாலர் அவருக்கு ஒதுக்கப்பட்டது. அறக்கட்டளை இப்போது வெறும் ‘கேட்ஸ் அறக்கட்டளை’.

அவர் இப்போது மெலிண்டா பிரெஞ்ச் கேட்ஸ். நடுவில் இருக்கும் பிரெஞ்ச், 1987இல் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது வருகைப் பதிவில் இருந்திருக்கக்கூடிய பெயர்.

வணக்கம்.