கோசைனை எங்கே போடுவது?

வணக்கம் பிள்ளைகளே. உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்தவர்கள், எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், எல்லோரும் ஒரு கொப்பியும் பென்சிலும் அடிமட்டமும் பாகைமானியும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வானொலியில் என்னால் படம் கீறிக் காட்ட முடியாது, நான் சொல்லச் சொல்ல நீங்கள்தான் கீற வேண்டும். அதுவும் நல்லதுக்குத்தான், ஏனென்றால் இன்றைக்குப் பேசப்போகும் காவிக் கணக்கில், அதாவது அளவோடு திசையும் சேர்ந்த கணியங்களின் கணக்கில், பாதி வேலை படத்தில்தான் இருக்கிறது.

கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக்குப் போக இரண்டு வழி உங்களுக்குத் தெரியும். பரந்தன் சந்திக்குப் போய் ஏ-35 இல் விசுவமடு, புதுக்குடியிருப்பு தாண்டிப் போகலாம். இல்லையென்றால் ஏ-9 இல் தெற்கே இறங்கி, மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டான் வழியாக ஏ-34 இல் போகலாம். ஓடும் தூரம் வேறு வேறு. இடப்பெயர்ச்சி மட்டும் ஒன்றேதான், அது புறப்பட்ட இடத்தையும் போய்ச் சேர்ந்த இடத்தையும் தவிர வேறெதையும் கேட்பதில்லை. போன ஆள் பின்னேரம் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டால் அன்றைய இடப்பெயர்ச்சி பூச்சியம். இது எல்லோருக்கும் விளங்கும்.

சிக்கல் கணக்குச் செய்யும்போதுதான் வருகிறது. ஒருவர் சைக்கிளில் நேர் வடக்கே 6 கிலோமீற்றர் போகிறார், பிறகு வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக 30 பாகை சாய்ந்த பாதையில் 4 கிலோமீற்றர், கடைசியாக நேர் மேற்கே 3 கிலோமீற்றர். மொத்தம் ஓடியது 13. இடப்பெயர்ச்சி எவ்வளவு?

முதலில் கீறுங்கள், 1 கிலோமீற்றருக்கு 1 சென்ரிமீற்றர். ஒரு கோடு முடியும் இடத்தில் அடுத்த கோட்டைத் தொடங்குங்கள். கீறியாயிற்றா? சரி, அந்த 4 கிலோமீற்றரைக் கூறாக்க வேண்டும், அதாவது அதில் வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். இங்கேதான் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கிழக்குக்குக் கோசைன், வடக்குக்குச் சைன் என்று எழுதிவிடுகிறார்கள், ரியூசனில் பாடமாக்கிய சூத்திரம் அப்படி. அந்தச் சூத்திரம் கோணத்தைக் கிழக்கிலிருந்து அளந்தால்தான் சரி. இந்தக் கணக்கில் கோணம் வடக்கிலிருந்து அளக்கப்பட்டிருக்கிறது. கோணத்தை ஒட்டி நிற்கும் பக்கத்துக்குத்தான் கோசைன், ஆகவே வடக்குக் கூறு 4 கோசைன் 30, ஏறக்குறைய 3.46. கிழக்குக் கூறு 4 சைன் 30, அதாவது 2. படத்தைப் பாருங்கள், அந்தக் கோடு வடக்கே நன்றாக நீண்டு கிழக்கே கொஞ்சம்தான் சாய்கிறது. வடக்குக் கூறுதான் பெரிதாக வர வேண்டும் என்பதைச் சூத்திரத்துக்கு முதலே கண் சொல்லிவிடும்.

இனிக் கூட்டுவது சின்ன வேலை. வடக்கே 6 உம் 3.46 உம், 9.46. கிழக்கே 2, அதில் மேற்கே போன 3 ஐக் கழித்தால் −1. அந்தக் கழித்தல் குறியைத் தயவுசெய்து தொலைத்துவிடாதீர்கள், ஆள் புறப்பட்ட இடத்துக்கு மேற்கே 1 கிலோமீற்றரில் நிற்கிறார் என்பதைச் சொல்வதே அதுதான்.

பைதகரசுத் தேற்றப்படி 9.46 இன் வர்க்கமும் 1 இன் வர்க்கமும் சேர்ந்து ஏறத்தாழ 90.5. உயர்தரப் பௌதிகவியல் வினாத்தாளுக்குக் கல்குலேட்டர் கிடையாது, மனதால் செய்வோம்: 9.5 இன் வர்க்கம் 90.25, ஆகவே விடை 9.5 ஐவிட ஒரு துளி கூட. திசைக்கு 1 ஐ 9.46 ஆல் பிரித்தால் 0.106, அந்தத் தான்சன் பெறுமானம் ஏறக்குறைய 6 பாகைக்கு உரியது. ஆக இடப்பெயர்ச்சி 9.5 கிலோமீற்றர், வடக்கிலிருந்து மேற்காக 6 பாகை. திசையை எழுதாமல் 9.5 என்று மட்டும் எழுதிவிட்டு வந்தால் விடை பாதிதான், இவ்வளவு பாடுபட்டுச் செய்த பிள்ளை அங்கே புள்ளியை விட்டுவிட்டு வருவதைப் பார்க்க மனது கேட்பதில்லை.

இப்போது அடிமட்டத்தை எடுத்து முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் சேர்த்து அளந்து பாருங்கள். 9.5 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரவேண்டும். வராவிட்டால் கணக்கைத் தொடாதீர்கள், முதலில் படத்தில் 30 பாகையை எங்கிருந்து அளந்தீர்கள் என்று பாருங்கள்.

அப்புறம், கடைசி 3 கிலோமீற்றரை மேற்குக்குப் பதிலாகத் தெற்கே போனதாக வைத்து ஒருமுறை செய்து பாருங்கள். 6.8 கிலோமீற்றரும், வடக்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 17 பாகையும் வர வேண்டும்.