திருவுளச்சீட்டு போட்டுப் பார்த்த வைத்தியம்

(தர்மபுரியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மைக் இரைகிறது, பின்னால் இருப்பவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால் நானும் கத்தாமல் பேசலாம்.

மருத்துவ ஆராய்ச்சியை எளிமையாகச் சொல்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை, லேபில் ரத்தம் எடுத்து ரிப்போர்ட் எழுதி ரிட்டயர் ஆனவன். ஒரு துண்டறிக்கையில் 'சமவாய்ப்பிட்ட கட்டுப்பாட்டுச் சோதனை' என்று போட்டிருந்தது. இதற்கு ஆங்கிலமே தேவலாம். பாலக்கோட்டில் தக்காளி போடுகிறவரிடம் கேளுங்கள். புது மருந்து வந்தால் நாலு பாத்திக்கு அடித்துவிட்டு நாலு பாத்தியைச் சும்மா விட்டுப் பார்ப்பார். கிணற்றடிப் பாத்திக்கெல்லாம் மருந்து, மேட்டுப் பாத்தியெல்லாம் சும்மா என்று பிரித்தால், காய்த்தது மருந்தாலா தண்ணீராலா என்று தெரியாமல் போய்விடும் இல்லையா? அதனால் எந்தப் பாத்திக்கு எது என்று திருவுளச்சீட்டு போட்டு எடுக்க வேண்டும். அந்த நீளமான பெயருக்கு இவ்வளவுதான் அர்த்தம்.

அப்படி ஒன்று சென்னையிலேயே நடந்தது, 1956-ல் தொடங்கியது. அப்போது காசநோய் என்றால் சானடோரியத்தில் சேர வேண்டும் (தாம்பரம் பக்கத்தில் ரயில் ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர்தான்), நல்ல சாப்பாடு, நல்ல காற்று, மாதக்கணக்கில் ஓய்வு. அத்தனை பேருக்கும் படுக்கைக்கு எங்கே போவது? 193 நோயாளிகளைச் சீட்டுப் போடுகிற மாதிரிப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், மறு பாதிக்கு அதே மாத்திரையைக் கொடுத்து நெரிசலான அவரவர் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86.

இங்கேதான் சொல்கிறவர்கள் சறுக்குகிறார்கள். 'சானடோரியமே சிறந்தது' என்று தலைப்புப் போடலாம், ஆறு கூடத்தானே. ஆனால் ஒவ்வொரு பக்கமும் நூறு பேர்கூட இல்லை, அதில் நாலைந்து பேர் இப்படியோ அப்படியோ போவது சீட்டு விழுகிற விதத்திலேயே வரக்கூடியது. வீட்டில் சாப்பாடு மட்டமாகத்தான் இருந்தது, அப்படியும் மாத்திரை வேலை செய்தது. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. அப்புறம் உலகம் முழுக்க காசநோய்க்கு வீட்டிலிருந்தே வைத்தியம் என்று ஆனதில் நம்ம சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, 92-ம் 86-ம் சொன்னால் போதாது, எத்தனை பேரில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பேப்பரில் 'ஆபத்து பாதியாகக் குறையும்' என்று வந்தாலும் அதே கேள்விதான். ஆயிரத்தில் இரண்டு பேர் ஒருவர் ஆனாலும் பாதி, நானூறு பேர் இருநூறு ஆனாலும் பாதி.

சரி, நம்ம ஊர் விஷயம், ஃபுளோரைடு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும், அளவு மீறினால் பல்லில் கறை விழும், எலும்பையும் மூட்டையும் பாதிக்கும். தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்றால் யாருக்குப் புரியும்? ஆயிரம் லிட்டர் டேங்கில் கால் ஸ்பூன் உப்பு எடைக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லிப் பாருங்கள், தலையாட்டுவார்கள். காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகத்தான் ஆகும்.

அதற்கு மாற்றாக ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் குழாயில் வந்த புதிதில் பென்னாகரம் பக்கம் ஒரு பாட்டி, "இனி இதையே குடிச்சா என் பல்லு கறை போயிடுமா தம்பி?" என்றார். போகாது பாட்டி, சின்ன வயசில் ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே விழுந்த கறை அது என்றேன். முட்டி வலி? அது பழைய போர் தண்ணீரால்தானா என்று எக்ஸ்ரே எடுத்து டாக்டர் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பேத்திக்கு என்ன வயசு என்று மருமகளைக் கூப்பிட்டுக் கேட்டார். மூணு என்றதும், போர் தண்ணீர்க் குடத்தை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, குழாயடிக்கு வேறு குடம் எடுத்துக்கொண்டு போனார்.