ஈஸ்டருக்கு போட்டோ உண்டா?

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, பக்கத்துப் பங்கிலிருந்து வெயிலோடு வந்திருக்கும் தந்தையர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, அன்பியப் பொறுப்பாளர்களே, இந்தப் பந்தலுக்குப் பணம் வாங்க மறுத்த மைக்செட் தம்பியே, அனைவருக்கும் வணக்கம். தலைமையாசிரியை அவர்களைச் சொல்லாமல் விட்டால் நாளை பள்ளிக்கூட வாசலில் நிற்க முடியாது. அவருக்கும் வணக்கம்.

பெயர், தேதி, முட்டை என மூன்று செய்திகளைச் சொல்ல வந்தேன். ‘ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கக் கூடாது’ என்பார்கள். நான் தமிழாசிரியனாக இருந்தவன், சொல்மூலம் பார்க்காமல் தூக்கம் வராது.

போன மாதம் இவ்விழாவுக்கு பேனர் அடிக்கப் போனேன். ‘ஈஸ்டர் நல்வாழ்த்துகள்’ என்று எழுதிக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் படித்துவிட்டு, “ஈஸ்டர் யாரு சார், மேரேஜா? போட்டோ குடுங்க” என்றான். எஸ்தர் என்று படித்துவிட்டான் போல. “அது ஆள் இல்லைப்பா, பண்டிகை” என்றேன். “சரி சார், பண்டிகைக்கு என்ன படம்?” நான் யோசிப்பதற்குள் அவனே தேடி எடுத்துவிட்டான். ஒரு முயல், கையில் கூடை, கூடை நிறைய முட்டை. “சார், முயல் முட்டை போடுமா?” என்றான். வாத்தியாராக முப்பது வருஷம் இருந்தும் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் அவன் முதலில் கேட்டானே, அது சரியான கேள்வி. 725ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்துத் துறவி பீட், காலக்கணிப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். ஏப்ரலையொட்டி வரும் மாதத்துக்கு ஈயோஸ்ட்ரே என்ற தேவதையின் பெயரைத் தம் முன்னோர் வைத்திருந்தார்கள் என்றும், அம்மாதத்தில் அவளுக்கு விருந்து நடந்தது என்றும் அதில் குறிக்கிறார். அவளைப் பற்றிய பழைய எழுத்துச் சான்று அது ஒன்றுதான். போட்டோவுக்கு எங்கே போவது!

விழா அவளுடையது அல்ல, பெயர் மட்டும்தான். இங்கிலீஷ்காரரும் ஜெர்மானியரும் அந்த வேர்ச்சொல்லில் நின்றார்கள். பிரெஞ்சு, இத்தாலி, கிரேக்கம் எல்லாம் யூதர்களின் பாஸ்கா விழாவின் பெயரைப் பிடித்துக்கொண்டன. நம் பாட்டிமாரும் ‘பாஸ்கு’ என்றுதான் சொன்னார்கள்.

ரிஷிமூலம் பார்த்தால் திருச்சபை பயந்துவிடுமா? 601இல் திருத்தந்தை முதலாம் கிரகோரி இங்கிலாந்து மறைப்பணியாளர்களுக்குக் கடிதம் எழுதினார்: பழைய தெய்வங்களின் சிலைகளை அகற்றுங்கள், கோவிலை இடிக்காதீர்கள், தீர்த்தம் தெளித்து பீடம் வையுங்கள், மக்கள் மாடு வெட்டுவது வழக்கமென்றால் வெட்டி விருந்துண்ணட்டும், கடவுளுக்கு நன்றி சொல்லட்டும். நம் கோவில் விருந்தான அசனத்தைப் பார்த்துவிட்டு எழுதியது போல இல்லை?

தேதிக்கு வருகிறேன், கிறிஸ்துமஸ் தேதிக்கு. டிசம்பர் 25 கிறிஸ்து பிறப்பு என்று சொல்லும் பழைய ரோமைப் பட்டியல் 354ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது. அதே தொகுப்பின் நாட்காட்டியில் அதே நாள் ‘வெல்லப்படாதவனின்’ பிறந்தநாள். அது சூரியன் என்றே பலரும் கொள்கிறார்கள். யார் யாரிடம் எடுத்தார்கள் என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டில்கூட புனித பேதுரு பேராலயப் படியேறி, திரும்பி நின்று சூரியனைக் கும்பிட்டவர்களைத் திருத்தந்தை லியோ கண்டித்திருக்கிறார். நாமோ வாரம் தவறாமல் ‘ஞாயிறு’ திருப்பலிக்கு வருகிறோம்!

முட்டைக்கு நேரமில்லை, துண்டுச்சீட்டு வந்துவிட்டது.

பங்குப் பேரவைக்கு என் பழைய விண்ணப்பம்தான். ஈஸ்டருக்கு ‘உயிர்ப்புப் பெருவிழா’ என்ற தமிழ்ப் பெயர் திருவழிபாட்டு நூலில் இருக்கிறது, அறிவிப்புப் பலகையில் இல்லை. ரிஷிமூலம் நதிமூலம் தெரிந்த பிறகாவது அதைப் பலகையில் எழுதுங்கள். அடுத்த வருஷ பேனர் செலவு என்னுடையது. பங்குத்தந்தை தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.