ஒருவர் மூச்சு தீர்கிற இடத்தில்

அனைவருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை சாயங்காலம் கடலூரில் பஸ் ஏறி, இங்கே புதுச்சேரிக்கு வந்து ஒரு நாடகம் பார்த்தேன். அதைப் பற்றிப் பேசுகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்ட நேரம் இது. நாடகம் போட்ட பிள்ளைகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், சந்தோஷம்.

ஒரு நாயனச் செட்டின், அதாவது நாதஸ்வரக் குழுவின் கதை. அண்ணனும் தம்பியும் இரட்டை நாயனம், மாமன் மகன் தவில், தம்பியின் பையன் தாளம். பல வருஷம் ஒரே இலையில் சாப்பிடாத குறையாக இருந்தவர்கள், இப்போது வேனில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில், அட்வான்ஸில் யாருக்கு எவ்வளவு, இதுதான் சண்டை. வெளியில் இருப்பவர்கள் 'இதுக்கா?' என்பார்கள். மேடை ஏறியவர்களுக்குத்தான் தெரியும், அதற்குப் பின்னால் எத்தனை வருஷத்துக் கணக்கு நிற்கிறது என்று. யார் வாசிப்புக்குக் கூட்டம் தலையாட்டியது, யார் அடக்கி வாசித்து விட்டுக்கொடுத்தது என்கிற கணக்கு.

முகூர்த்தக் காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். தவில்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். வெளியூரிலிருந்து ஸ்பெஷல் தவில் வந்து உட்கார்கிறார். இரட்டை நாயனத்தில் ஒருவருக்கு மூச்சு தீர்கிற இடத்தில் இன்னொருவர் எடுத்துக்கொள்வார், கேட்பவர்களுக்கு இடைவெளி தெரியாது. பக்கத்தில் இருப்பவரின் தோள் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று பழகிய பழக்கம் அது. அன்றைக்கும் பேசாமலே எடுத்துக்கொள்கிறார்கள். நடுவில் தம்பியின் சீவாளி, நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற அந்த நாணல் துண்டு, பிளந்துவிடுகிறது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாயனமே ஆனாலும், அந்தத் துளியூண்டு நாணல் போனால் வெறும் காற்றுதான் வரும். அண்ணன் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கையால் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, தன் நாயனத்தில் நூலில் தொங்குகிற மாற்றுச் சீவாளிகளில் ஒன்றைப் பிடித்துத் தம்பி பக்கம் நகர்த்துகிறார். தம்பி கழற்றி, வாயில் வைத்து ஈரமாக்கி, பொருத்தி, அடுத்த சங்கதியில் சேர்ந்துகொள்கிறார். அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

1969 ஜனவரியில் லண்டனில் பீட்டில்ஸ் என்கிற இங்கிலீஷ் பாட்டுக் குழுவுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். 10-ஆம் தேதி அதில் கிடார் வாசித்த ஜார்ஜ் ஹாரிசன் போதும் என்று எழுந்து போய்விட்டார். திரும்பி வந்த பிறகு, கீபோர்டு வாசிக்க பில்லி பிரெஸ்டனை அழைத்து வந்தார். விருந்தாளி வந்த வீட்டில் சண்டை அடங்கும் இல்லையா, அப்படி அடங்கியது. 30-ஆம் தேதி மொட்டை மாடியில் நின்று வாசித்தார்கள். சேர்ந்து பொதுவில் வாசித்தது அதுதான் கடைசி.

நானும் கடலூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபத்திரண்டு வருஷம் கீபோர்டு வாசித்தவன். எங்கள் குழு உடைந்தது தேவனாம்பட்டினத்தில், ஒரு மாசி மகக் கச்சேரியில். பல்லவிக்குத் திரும்பும்போது டிரம்ஸ் வாசிக்கிற அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டுவார், நான் கை வைப்பேன். அன்றைக்கு அவர் என் பக்கமே திரும்பவில்லை. அரைத் தட்டு பிந்திவிட்டேன். கூட்டத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு இன்னும் அது கேட்கிறது.

நாடகத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. கடைசியில் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அது வேண்டாம். சீவாளியை நகர்த்திய அந்தக் கையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. யோசித்துப் பாருங்கள், பிள்ளைகளே.

நாடகக் குழுவும் ஒரு செட்தான். 1918-இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து நாடக சபா தொடங்கிய நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள், பக்கவாதத்தில் பேச்சு போன பிறகும் அந்தக் குழுவை விட்டுப் பிரியவில்லை. 1922-இல் இந்த ஊரில்தான் கண்மூடினார், கருவடிக்குப்பத்தில் அடக்கமாகி இருக்கிறார். நீங்களும் சேர்ந்தே இருங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இதைக் கடலூரிலும் போடுங்கள். மஞ்சக்குப்பத்தில் இடம் நான் பார்த்துத் தருகிறேன். எங்கள் பழைய குழுவில் இருக்கிற நாலு பேரையும் நானே வீட்டுக்குப் போய் அழைக்கிறேன். டிரம்ஸ் அண்ணன் வீட்டுக்கு முதலில் போகிறேன்.