கடலோரத்துப் பாழடைந்த மாளிகையைப் படம் எடுப்பது எப்படி?

[காட்சி: சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவுல காரை உதிர்ந்த இரண்டடுக்கு வீடு. பின்னால கடல்.]

ராமநாதபுரம் மாவட்டத்துல தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரைன்னு கடலோரமா போனா, பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள் கண்ணுல படும். வாரிசுங்க ஊர் ஊரா பிரிஞ்சிருப்பாங்க. வீட்டை உப்பு தின்னுக்கிட்டு இருக்கும். நாளைக்கு அந்தச் சுவர் விழுந்துட்டா, நீங்க எடுத்த படம் மட்டும்தான் மிச்சம். அதனால, வீடு எப்படிக் கட்டியிருந்தாங்கன்னு ஒரு கொத்தனார் பார்த்தாலே புரியற மாதிரி எடுக்கணும். தயவுசெஞ்சு 'பேய் பங்களா'ன்னு தலைப்பு வைக்காதீங்க. நாலு தலைமுறை பிறந்து வளர்ந்த வீடு அது.

[காட்சி: துருப்பிடிச்ச பூட்டு.]

முதல் வேலை அனுமதி. ஆள் இல்லாத வீட்டுக்கும் உரிமையாளர் உண்டு. வீட்டுக்குள்ள அத்துமீறி நுழைஞ்சதா வழக்கு வந்தா, பாரதிய நியாய சன்ஹிதா 329-ஆம் பிரிவுப்படி 1 வருஷம் வரை சிறை, 5,000 ரூபா வரை அபராதம், இல்ல ரெண்டுமே. பக்கத்து டீக்கடையிலயும் கிராம நிர்வாக அலுவலர்கிட்டயும் விசாரிச்சாலே உரிமையாளர் யாருன்னு தெரிஞ்சிடும். கூட்டுப் பட்டாவா இருந்தா ஒரு பங்காளி சரின்னு சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியாம இருக்கும். அதனால சாவி யார் கையில இருக்கோ, அவரையே கூட வரச் சொல்லுங்க. இது பாதுகாப்பு கெடுபிடி உள்ள கடற்கரை, கேமராவோட புது ஆள் சுத்தினா கேள்வி வரும். காவல் நிலையத்துல முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உச்சிப்புளியில ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானதளம் இருக்கு. டிரோன் எங்க பறக்கலாம்னு காட்டுற அரசோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காம டிரோனைப் பையை விட்டே எடுக்காதீங்க.

[காட்சி: மழையில ஊறின சுவர்.]

எப்போ போறது? ஐப்பசி, கார்த்திகை மழையில வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சாந்து ஊறி, சுவர் பாரம் ஏறி நிக்கும். மழை விட்டு வெயில் அடிக்கிறப்பவும் சுவர் சரியும், அதைத்தான் நிறைய பேர் மறந்துடறாங்க. மாசி, பங்குனி நல்ல காலம்.

கணுக்கால் மூடுற, கெட்டி அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்க. கருவேல முள் செருப்பைத் துளைச்சுக்கிட்டு வரும். வௌவால் எச்சத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, என்95 மாஸ்க் கட்டாயம். ஓட்டுக் குவியல், சருகு எதுலயும் கை விடாதீங்க, விரியன் அங்கதான் படுத்திருக்கும். கடிச்சா கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காம 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்க. கொல்லைக் கிணறு செடிகொடி மூடித் தெரியாம இருக்கும், கம்பால தட்டிக்கிட்டே நடங்க. தனியா மட்டும் போகவே கூடாது.

[காட்சி: உத்திரம் சுவருக்குள்ள நுழையிற இடம், நெருக்கத்துல.]

இப்போ கூரை. பழைய மாளிகைகள்ல பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதுமேல கட்டை, அதுமேல சின்னச் செங்கலைச் செங்குத்தா நிறுத்திச் சுண்ணாம்புல பூசின தளம். உத்திரத்தோட நடுப்பாகத்தைப் பார்த்துட்டு உறுதியா இருக்குன்னு நம்பிடாதீங்க. சுவருக்குள்ள சொருகின நுனிதான் முதல்ல உளுத்துப் போகும், ஏன்னா சுவரோட ஈரம் முழுக்க அங்கதான் தங்குது. நுனிக்குக் கீழ கறுப்பா நீர்க்கறை, சுவரோரமா மாவு மாதிரி மரத்தூள் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. தரையில கிடக்கிற செங்கல் துண்டையும் பாருங்க. உடைஞ்ச முகம் பளிச்சுனு சிவப்பா இருந்தா புதுசா விழுந்தது, அந்த அறைக்குள்ள போகாதீங்க. வாசல்படியில நின்னே எடுங்க. தூசி படிஞ்சு மங்கியிருந்தா பழசு. ஆனா அதை வெச்சு மாடிக்கு ஏறலாம்னு முடிவு பண்ணிடக் கூடாது. மாடி வேண்டாம்.

[காட்சி: சுவரை ஒட்டிப் பிடிச்ச டார்ச்.]

சுவருக்கு வருவோம். இந்த வீடியோவுல ரொம்ப முக்கியமான இடம் இதுதான். இந்தக் கடலோரத்துல செங்கலோட பவளப்பாறைக் கல்லும் கட்டடத்துக்குப் பயன்பட்டிருக்கு. தனுஷ்கோடியில, 1964 புயல்ல இடிஞ்ச தேவாலயத்துல அதைக் கண்ணாலயே பார்க்கலாம், கல்லு முழுக்கப் பூப்பூவா துளை இருக்கும். கடல்காத்துல வர்ற உப்பும், தரையில இருந்து ஏறுற ஈரத்துல வர்ற உப்பும் இந்தத் துளைகளுக்குள்ள போகுது. தண்ணி காய்ஞ்சதும் உப்பு படிகமா வளருது, வளர இடம் இல்லாம காரையை வெளிய தள்ளுது. அதனாலதான் சுவர் அடியில இருந்து இடுப்பு உயரம் வரைக்கும் அரிச்சு, மேல நல்லா இருக்கு. நடுவுல யாராவது சிமெண்ட் பூசியிருந்தா இன்னும் மோசம். ஈரம் வெளிய வர வழியில்லாம இன்னும் உயர ஏறி, சிமெண்ட் பூச்சு முடியிற இடத்துக்கு மேல இருக்கிற சுண்ணாம்பை அரிக்கும்.

இதை நேரா ஃப்ளாஷ் அடிச்சு எடுத்தா வெறும் வெள்ளைச் சுவராத்தான் தெரியும். ட்ரைபாட்ல கேமராவைச் சுவருக்கு நேரா வைங்க. டார்ச்சைப் பக்கவாட்டுல, சுவரை உரசுற மாதிரி பிடிங்க. ஒவ்வொரு செதிலுக்கும் நிழல் விழும், அரிப்பு எவ்வளவு ஆழம்னு படத்துலயே தெரியும். ஃப்ரேம்ல ஒரு ஸ்கேல் வைக்க மறக்காதீங்க. கல்லுல ஒரு துண்டு கூட எடுக்காதீங்க. பவளம் வனவிலங்குச் சட்டத்துல வருது.

[காட்சி: முற்றம், உச்சி வெயில்.]

அறைகளுக்கு கேமரா அமைப்பு: ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப்/8, 2 நொடி டைமர், 24 எம்எம் அகலக் கோண லென்ஸ். கேமரா உயரம் நெஞ்சளவு, மேல கீழ சாய்க்காதீங்க, சாய்ச்சா படத்துல தூண் எல்லாம் உள்பக்கமா சாய்ஞ்ச மாதிரி தெரியும். ஒரு அறைக்கு நாலு மூலையில இருந்து நாலு, கூரை ஒண்ணு, தரை ஒண்ணு. அறைக்கு நம்பர் போட்டு நோட்டுல ஒரு கைப்படம் வரைஞ்சுக்கங்க. இல்லாட்டி வீட்டுக்கு வந்து பார்க்கிறப்ப எந்த நிலைக்கதவு எந்தக் கட்டுல இருந்ததுன்னே தெரியாது.

முற்றத்து வெயிலும் தாழ்வாரத்து இருட்டும் ஒரே ஷாட்ல அடங்காது. 2 ஸ்டாப் இடைவெளியில, அதாவது ஒவ்வொண்ணுக்கும் வெளிச்சம் நாலு மடங்கு வித்தியாசம் வர்ற மாதிரி, 3 ஷாட் எடுத்துச் சேருங்க. இங்க சித்திரை தொடக்கத்துலயும் ஆகஸ்ட் கடைசியிலயும் ஏறக்குறைய 12.15-க்குச் சூரியன் நேர் உச்சியில நிக்கும். முற்றத்துக்குள்ள குத்துவெளிச்சம், தூண்கள் இருட்டாகிடும். மார்கழியில நண்பகல் வெயில் தெற்கே சாய்ஞ்சு வரும், வடக்குத் தாழ்வாரம் அழகா விளங்கும்.

[காட்சி: லென்ஸைத் துடைக்கிற கை.]

ஏசி கார்ல இருந்து இறங்கினதும் லென்ஸ்ல பனி பூக்கும். கேமராவைப் பையில வெச்சபடியே அரை மணி நேரம் விடுங்க. உள்ள நின்னு லென்ஸ் மாத்தாதீங்க. ராத்திரியே லேசா ஈரத் துணியால கேமரா உடம்பு, ட்ரைபாட் காலெல்லாம் துடைங்க, காய்ஞ்ச துணியால மட்டும் தேய்ச்சா உப்பு கீறல் போடும்.

இணையத்துல போடுறப்ப இருப்பிடத் தகவலை அழிச்சிடுங்க. பழைய தூணுக்கும் நிலைக்கதவுக்கும் சந்தையில நல்ல விலை இருக்கு. முழுத் தொகுப்பையும் அந்தக் கைப்படத்தோட சேர்த்து ஒரு பென்டிரைவ்ல போட்டு, சாவி கொடுத்தவர் கையில கொடுத்துடுங்க.