தண்ணீர் கேனும் தோப்புக்கரணமும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பக்கத்தில் கனமான புத்தகம் ஏதாவது இருந்தால், முழங்கையை மடக்கி இடது உள்ளங்கையில் வையுங்கள். இப்போது வலது கையால் நீங்களே அதை எடுங்கள். இடது கை இருந்த இடத்திலேயே நிற்கும். மறுபடியும் வைத்துக்கொண்டு, வீட்டில் வேறு யாரையாவது சட்டென்று எடுக்கச் சொல்லுங்கள். இந்தத் தடவை கை தானாக மேலே எழும்பிவிடும்.

அதே கை, அதே எடைதான். நீங்களே எடுக்கும்போது, வலது கை கிளம்புகிற நேரத்திலேயே ‘பாரம் குறையப்போகிறது, தளர்ந்துகொள்’ என்று இடது கைத் தசைக்கும் உத்தரவு போய்விடுகிறது. நின்றபடி கையை வேகமாக முன்னால் நீட்டினாலும் இப்படித்தான். தோள் தசை இயங்குவதற்குச் சற்று முன்பே காலிலும் முதுகிலும் உள்ள தசைகள் தயாராகிவிடும். இல்லாவிட்டால் கை போகிற பக்கம் உடம்பும் சாயும். பரணிலிருந்து டப்பாவை இறக்குவதைக் கை வேலை என்கிறோம். காலும் முதுகும் உழைக்காமல் அது நடக்காது.

இயன்முறை சிகிச்சை என் தொழில். முதுகு வலி, கழுத்து வலி என்று வருகிறவர்களில் பலரும் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டி, “இதுக்கு மட்டும் ஏதாவது பயிற்சி சொல்லுங்க” என்பார்கள். உடம்பு துண்டு துண்டாக வேலை செய்வதில்லை என்பதைத்தான் அவர்களிடம் முதலில் சொல்வேன். இன்று உங்களிடமும் அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொட நம்மால் எப்படி முடிகிறது? தசைகளுக்குள், அவை எவ்வளவு நீண்டிருக்கின்றன என்பதை அறியும் நுண்ணிய உணரிகள் இருக்கின்றன. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களில் இழுவையை அறியும் உணரிகள் இருக்கின்றன. மண்டையோட்டுக்குக் கீழே, பிடரியில் உள்ள சின்னத் தசைகளில் இந்த உணரிகள் மிக நெருக்கமாக இருக்கும். உள்காதின் சமநிலை உறுப்பும் பாதத்தின் தோலும் தங்கள் பங்குக்குச் செய்தி அனுப்புகின்றன. கை கால் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லும் இந்த உணர்வு ஐம்புலன் கணக்கில் சேராது. இதற்கு 1906-இல் ‘புரொப்ரியோசெப்ஷன்’ என்று பெயர் வைத்தவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். 1932-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

இந்த உணர்வு போய்விட்டால் என்ன ஆகும்? பிரிட்டனைச் சேர்ந்த இயன் வாட்டர்மன் என்பவருக்கு 1971-இல், 19 வயதில் வந்த ஒரு நோய்க்குப் பிறகு, கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும் இந்த உணர்வும் அற்றுப்போயின. தசையில் பலம் இருந்தது. கையும் காலும் எங்கே இருக்கின்றன என்பதுதான் தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்தே உட்காரவும் நடக்கவும் மறுபடி கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் நிற்க முடியாமல் விழுந்துவிடுவார்.

அது மிக அரிதான நிலை. ஆனால் அதன் சாயலை நம் வீடுகளிலேயே பார்க்கலாம். பல வருடமாகச் சர்க்கரை நோய் உள்ள சிலருக்குப் பாத நரம்புகள் பழுதாகிவிடும். வாஷ்பேசின் முன்னால் நின்று முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் உடம்பு ஆடும். பகலில் நன்றாக நடப்பவர் ராத்திரி இருட்டில் பாத்ரூம் போகும்போது தடுமாறுவார். வயசாகிவிட்டது என்று இதை விட்டுவிடவே கூடாது. டாக்டரிடம் சொல்லிப் பாதங்களைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

சரி, நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறவர்கள் என்ன செய்கிறோம்? 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்குவதைக் கவனியுங்கள். ஏறக்குறைய 20 கிலோ. குனிந்ததும் தலை பின்னால் அண்ணாந்துகொள்கிறது. பல்லைக் கடிக்கிறோம். மூச்சை அடக்குகிறோம். கால் விரல்கள் செருப்பைக் கவ்விப் பிடிக்கின்றன. கேனை வைத்த பிறகும் தாடை இறுகியேதான் இருக்கிறது. அடுத்த முறை கேனை உடம்போடு ஒட்டி அணைத்துக்கொண்டு, பாதம் முழுவதும் தரையில் பதிய, மூச்சை வெளியே விட்டபடி எழுந்து பாருங்கள். தாடையும் கழுத்தும் அந்த வேலைக்குத் தேவையே இல்லை என்று தெரியும்.

இப்படித் தன்னையே கவனித்துத் தெரிந்துகொண்டவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் எஃப். எம். அலெக்சாண்டர். ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாவில் 1869-இல் பிறந்தவர், மேடையில் வசனம் பேசும் கலைஞர். மேடை ஏறினால் குரல் கம்மிவிடும். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தபோதுதான், வாயைத் திறந்ததும் தலையைப் பின்னுக்கு இழுத்துத் தொண்டையை அமுக்கிக்கொள்வது தெரிந்தது. கால் விரல்கள்கூட இறுகிக்கொண்டன. தொண்டைக் கோளாறு என்று நினைத்தது பாதம் வரைக்கும் போனது. இன்னொன்றையும் கவனித்தார். தலையை முன்னால் கொண்டுவந்துவிட்டதாக அவருக்குத் தோன்றிய நேரத்திலும் கண்ணாடியில் தலை பின்னால்தான் இருந்தது. பழகிப்போன கோணல் நமக்கு நேராகத்தான் தோன்றும்.

அவர் வழியில் வந்த பயிற்சியை, நாள்பட்ட முதுகு வலி உள்ள 579 பேரை வைத்து இங்கிலாந்தில் ஆராய்ந்தார்கள். முடிவு 2008-இல் வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நாலு வாரத்தில் 21 நாள் வலி இருந்தது. 24 பாடம் படித்தவர்களுக்கு 3 நாள்.

பிள்ளைகளிடம் “நிமிர்ந்து உட்காரு” என்று அதட்டுகிறோமே, அதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதட்டியதும் நெஞ்சைத் தூக்கி, இடுப்பை வளைத்து, மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு நிமிஷத்தில் பழையபடி தொய்ந்துவிடுகிறார்கள். பாதம் இரண்டையும் தரையில் வைக்கச் சொல்லுங்கள். தொங்கினால் ஒரு பலகை போடுங்கள். உட்காரும்போது பிட்டத்துக்கு அடியில் தட்டுப்படுகிற எலும்பு இரண்டிலும் பாரம் சமமாக இருக்கிறதா என்று கேளுங்கள். முதுகு பெரும்பாலும் தானே எழுந்து வரும்.

உடற்பயிற்சியிலும் இதே கவனம் வேண்டும். தோப்புக்கரணத்தை எடுத்துக்கொள்வோம். முழங்கால் வலியில்லாதவர்கள் எண்ணிக்கையை மறந்துவிட்டு, மெதுவாகப் போடுங்கள். இறங்கும்போது பாரம் குதிகாலில் இருக்கிறதா, விரலுக்கு ஓடுகிறதா? குதிகால் தரையை விட்டு எழும்புகிறதா? ஒரு கால் அதிகம் சுமக்கிறதா? காதைப் பிடித்த கை தோளை மேலே இழுக்கிறதா? இத்தனையையும் ஒரே நேரத்தில் யோசித்தால் உடம்பு விறைத்துக்கொள்ளும். அதனால் எழும்போது எந்தத் தசையையும் நினைக்காமல், தரையைக் கீழே தள்ளுவதாக மட்டும் நினையுங்கள். கவனத்தை உடம்புக்கு வெளியே வைத்தால் அசைவு சீராக வரும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பெரியவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2019-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, உடற்பயிற்சி செய்கிற 60 வயதைக் கடந்தவர்களிடம் கீழே விழுவது சுமார் 23 சதவீதம் குறைகிறது. சமநிலைப் பயிற்சிக்கு அதில் முக்கிய இடம் உண்டு. அடுப்பில் பால் காயும் நேரம் போதும். சமையல் மேடை ஓரமாக நின்று, ஒரு விரல் நுனியால் மேடையை லேசாகத் தொட்டபடி ஒரு காலைத் தூக்குங்கள். அந்த விரல் பாரத்தைத் தாங்கவில்லை, ஆனாலும் ஆட்டம் குறையும். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்ற செய்தி அந்த விரல் வழியாகவும் மூளைக்குப் போகிறது. பழகப் பழக விரலை எடுத்துப் பாருங்கள். ஈரத் தரையிலும் வழுக்குகிற செருப்போடும் வேண்டாம். ஏற்கெனவே விழுந்திருப்பவர்கள், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.