முதல் வாடகை வீடா? மீட்டரைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

வணக்கம் மக்களே. தர்மபுரியில் வேலை கிடைத்து முதல் முறையாகத் தனியாக வீடு எடுக்கிற தம்பி, தங்கைகளுக்காகத்தான் இந்த வீடியோ. வாடகை, அட்வான்ஸ் எல்லாம் மறக்காமல் கேட்டுவிடுவீர்கள். கரண்ட் பில் எப்படி வருகிறது என்று கேட்பவர்கள்தான் குறைவு. பின்னால் கையைக் கடிப்பது அதுதான்.

குமாரசாமிப்பேட்டையோ, இலக்கியம்பட்டியோ, கீழே ஓனர், மேலே இரண்டு போர்ஷன் என்கிற வீடுகள்தான் நிறைய கண்ணில் படும். "யூனிட்டுக்கு இவ்வளவு கொடுத்துடு தம்பி" என்று ஓனர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். இந்த போர்ஷனுக்குத் தனி இ.பி. சர்வீஸ், அதாவது மின்வாரியத்தின் தனி இணைப்பு இருக்கிறதா, இல்லை ஓனரின் இணைப்பிலிருந்தே பிரித்து ஓனர் மாட்டிய சப் மீட்டரா என்று கேளுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், 2016ல் கொண்டுவந்த அந்த 100 யூனிட் இலவசம் சர்வீஸ் நம்பருக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. இரண்டு மாதக் கணக்கு அது. மூன்று போர்ஷன், ஒவ்வொன்றும் 180 யூனிட் என்று வையுங்கள். தனித்தனி சர்வீஸ் இருந்தால் ஆளுக்கு 80 யூனிட்டுக்குக் காசு, மூவருக்கும் சேர்த்து 240. ஒரே சர்வீஸ் என்றால் மொத்தம் 540 ஆகி, 440 யூனிட்டுக்குக் கட்ட வேண்டும். அதோடு 500ஐத் தாண்டியாகிவிட்டது. தாண்டினால் கடைசி 40 யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறும் என்று நினைக்காதீர்கள், இலவச 100க்கு அடுத்து வருகிற யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விலைச் சலுகையும் போய்விடும். சிக்கனமாக ஃபேனை அணைக்கிற பிள்ளை அடுத்தவர் ஏசிக்கும் சேர்த்துக் கட்டுவது எனக்கு நியாயமாகவே படவில்லை. சப் மீட்டர்தான் என்றால், மெயின் பில்லைக் காட்டச் சொல்லி அதில் உங்கள் பங்கைப் பிரித்துக் கட்டுங்கள்.

தனி மீட்டரா, சரி. இங்கே கிட்டத்தில் காட்டுகிறேன், பாருங்கள். திரையில் தேதி, நேரம் என்று எண்கள் மாறி மாறி ஓடும். பக்கத்தில் கே.டபிள்யூ.ஹெச். என்று வருகிற எண்தான் உங்கள் ரீடிங். பக்கத்தில் சின்னதாகச் சிவப்பு விளக்கு மினுக்குகிறதே, கரண்ட் ஓட ஓட அது மினுக்கும். வீட்டுக்குள் மெயினை இறக்கிவிட்டு வந்து கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அப்போதும் மினுக்கிக்கொண்டே இருந்தால், படிக்கட்டு லைட்டோ தண்ணி மோட்டாரோ உங்கள் மீட்டரில் ஓடுகிறதா என்று ஓனரிடம் கேட்டே ஆகவேண்டும்.

குடிபோகும் அன்றே ரீடிங்கைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இரண்டு மாத பில் கணக்கின் பாதியில் குடிபோனால் பழைய ஆள் ஓட்டிய யூனிட்டும் அதே பில்லில்தான் வரும். பில் ஓனர் பேரிலேயே இருக்கட்டும், பேர் மாற்றம் தேவையில்லை. சர்வீஸ் நம்பர் இருந்தால் போனிலேயே கட்டலாம். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம். புகார் என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987.

அப்புறம் தண்ணீர். இதை நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு அழுத்திச் சொல்லவேண்டும். இங்கே பல இடங்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் மஞ்சள் கறை விழுந்த பெரியவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்காகவே 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. வீட்டுக் குழாயில் வருவது எது, எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று கேளுங்கள். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. போர் மட்டும்தான் என்றால் கேன் தண்ணீர் செலவையும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேஸுக்கு, தனி ஆள் என்றால் 5 கிலோ சிலிண்டர் போதும். முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டையைக் காட்டியே வாங்கலாம்.

கடைசியாக அக்ரிமெண்ட். 2017ஆம் வருட வாடகைச் சட்டப்படி எழுத்தில் இருக்கவேண்டும். தகராறு வந்தாலும் ஓனர் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. குடிபோன அன்றைய ரீடிங், கரண்ட் பில் யார் கட்டுவது, தண்ணீருக்கும் மோட்டாருக்கும் தனிக் காசு உண்டா, இந்த மூன்றையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற ஓனர் என்றால் வேறு வீடு பாருங்கள், தர்மபுரியில் வீடு கிடைக்கும்.